விசில் இல்லாத பஸ்

முதலிலேயே மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். எழுதிப் பழக்கம் இல்லாதவன் நான். பத்தாவது வரை படித்தேன். அதற்குப் பிறகு பேனா பிடித்ததெல்லாம் டிரிப் ஷீட்டில் கையெழுத்துப் போடத்தான். நாலு பேர் கூடியிருக்கும் இடத்தில் வாய் திறக்கவே கூச்சப்படுகிறவன், முன்பின் தெரியாதவர்கள் படிக்கும்படி எழுத உட்கார்ந்திருப்பது எனக்கே ஒரு மாதிரியாக இருக்கிறது. துபாயில் அத்தனை உயரக் கட்டடங்களை எழுப்பியவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் எழுதினால் அதில் விஷயம் இருக்கும். என்னிடம் இருப்பது ஒரு லைசென்ஸ் எடுத்த கதை. பொறுமை இருந்தால் படியுங்கள். இல்லையென்றால் பக்கத்தைத் திருப்பிவிடுங்கள், நான் வருத்தப்பட மாட்டேன்.

ஊரில் நான் தனியார் பஸ் ஓட்டினேன். பட்டுக்கோட்டையில் கிளம்பி, கிராமம் கிராமமாக நுழைந்து தஞ்சாவூர் போய்ச் சேரும் ரூட். டிரைவர் வேலை எனக்குப் பிடித்துப்போனதற்குக் காரணம் வண்டி மேல் ஆசை அல்ல. டிரைவர் யாரோடும் பேச வேண்டியதில்லை என்பதுதான். டிக்கெட் போடுவது, சில்லறைக்கு மல்லுக்கு நிற்பது, படியில் தொங்குகிறவனை உள்ளே தள்ளுவது, மீன் கூடையை எங்கே வைப்பது என்று பஞ்சாயத்துப் பண்ணுவது எல்லாம் கண்டக்டர் பாடு. அவர் ஒரு விசில் கொடுத்தால் நிறுத்துவேன். ரெண்டு விசில் கொடுத்தால் எடுப்பேன். விசில் கையில் இல்லாவிட்டால் பஸ்ஸின் தகரத்தில் தட்டுவார். ஒரு தட்டு என்றால் நிறுத்து, ரெண்டு தட்டு என்றால் கிளம்பு. முன்படியில் கிளீனர் நின்று இடது பக்கத்தைப் பார்த்துக்கொள்வான். "போலாம் ரைட்" என்று சத்தம் வந்துவிட்டால் நான் கண்ணாடியைப் பார்ப்பதில்லை. அவர்கள் பார்த்துவிட்டார்கள், அப்புறம் எனக்கென்ன. அதைச் சோம்பேறித்தனம் என்று சொல்லிவிட முடியாது. எங்கள் பக்கம் ஒரு பஸ்ஸை மூன்று பேர் சேர்ந்துதான் ஓட்டுவோம்.

துபாயில் கட்டட வேலை எடுத்துச் செய்யும் ஒரு பெரிய கம்பெனிக்கு பஸ் டிரைவர்கள் வேண்டும் என்று திருச்சி ஏஜெண்ட் ஒருவர் பேப்பரில் விளம்பரம் கொடுத்திருந்தார். அப்போது அந்த ஊரில் மெட்ரோ ரயிலுக்குத் தூண்கள் எழும்பிக்கொண்டிருந்தன. எங்கே பார்த்தாலும் கிரேன். அத்தனை வேலைக்கும் ஆள் வேண்டும், அந்த ஆட்களைக் கேம்பிலிருந்து சைட்டுக்குக் கொண்டுபோய்ச் சேர்க்க பஸ் வேண்டும், பஸ்ஸுக்கு டிரைவர் வேண்டும். ஊர் ஊராக வந்து ஆள் பொறுக்கினார்கள். திருச்சிக்கு வெளியே ஒரு மைதானத்தில் எங்களுக்கு டிரையல் வைத்தார்கள். மூங்கில் கழிகளை நட்டு, அதற்குள் பஸ்ஸை ரிவர்ஸ் எடுக்கச் சொன்னார்கள். கம்பெனியிலிருந்து வந்த இரண்டு பேர் பந்தல் நிழலில் உட்கார்ந்து இளநீர் குடித்தபடி பார்த்தார்கள். ஏஜெண்டின் ஆள் ஒருவன் பஸ்ஸின் பின்னால் நின்று "வா, வா, ஒடிச்சு வா, போதும்" என்று தகரத்தில் தட்டித் தட்டி எங்கள் எல்லோரையும் உள்ளே கொண்டுவந்து சேர்த்தான். ஒரு கழியும் சாயவில்லை. என்னைக் கேட்டால், அன்றைக்குப் பாஸானது நானும் அவன் கையும் சேர்ந்துதான். அப்போது அது யாருக்கும் தோன்றவில்லை. எனக்கும் தோன்றவில்லை.

எனக்கு அப்போது வயது நாற்பத்து நாலு. ஏஜெண்ட் பாஸ்போர்ட்டைப் புரட்டிப் பார்த்து, "இன்னும் ஒரு வருசம் போயிருந்தா ஒங்களை எவனும் எடுத்திருக்க மாட்டான்" என்றார். பஸ் முதலாளியிடம் சொல்லிக்கொண்டு விமானம் ஏறினேன்.

போய் இறங்கிய பிறகுதான் தெரிந்தது, நம் லைசென்ஸ் அங்கே செல்லாது. புதிதாகப் பழகி, டெஸ்ட் கொடுத்து, அந்த ஊர் லைசென்ஸ் வாங்க வேண்டும். கம்பெனியே டிரைவிங் ஸ்கூலில் சேர்த்துவிட்டது. ரோடு டெஸ்டுக்கு மூன்று வாய்ப்பு. மூன்றாவதிலும் போய்விட்டால் வயது குறைந்தவர்களை சைட்டில் ஹெல்பராக வைத்துக்கொள்வார்கள். என் வயதுக்காரனுக்கு விசா கேன்சல், ஊருக்கு டிக்கெட். டிரான்ஸ்போர்ட் சூப்பர்வைசர் ஒரு மலையாளி. நல்ல மனிதர். இதை அவர் முதல் நாளே சிரித்த முகத்தோடு சொன்னார்.

"பேடிக்க வேண்டா அண்ணா. இருபது வருஷம் வண்டி ஓட்டிய ஆளல்லே? ஈஸியா கிட்டும்." பயப்பட வேண்டாம், சுலபமாகக் கிடைத்துவிடும் என்கிறார்.

எங்கள் கேம்ப் அல் கூஸ் என்ற இடத்தில். பக்கத்திலேயே கம்பெனியின் பயிற்சி மைதானம் இருந்தது. ஊரில் ஏர் பிடித்தவர்களுக்கும் செங்கல் சூளையில் கிடந்தவர்களுக்கும் அங்கே கம்பி கட்டவும் பலகை அடிக்கவும் சாரம் ஏறவும் கற்றுக்கொடுத்தார்கள். எங்குமே போய்ச் சேராத ஒரு சுவரைக் காலையில் கட்டுவார்கள், சாயங்காலம் பிரிப்பார்கள். என் அறையில் மேல்கட்டிலில் இருந்தவன் அப்படித்தான் சாரம் கட்டக் கற்றுக்கொண்டு தேறியவன். பரமக்குடிக்காரன், என்னைவிடப் பத்து வயது இளையவன். ஊரில் நாக்பூர் வரை ஓடும் லாரியில் கிளீனராக இருந்தவன். வாய் ஓயாது. எனக்குச் சேர்த்து அவனே பேசிவிடுவான் என்பதால் அவனோடு எனக்கு ஒத்துப்போயிற்று.

லைசென்ஸ் வரும் வரை சைட்டில் என்னைக் கொடி பிடிக்க நிறுத்தினார்கள். டம்பர் லாரி ரிவர்ஸ் வரும்போது சிவப்புக் கொடி, பச்சைக் கொடி காட்டும் வேலை. ஒருநாள் மண் கொட்டி முடித்த டம்பரைப் போகச் சொல்ல, பழக்கத்தில் அதன் பக்கவாட்டில் ரெண்டு தட்டு தட்டினேன். போக வேண்டிய வண்டி பொசுக்கென்று நின்றது. பஞ்சாபி டிரைவர் பதறிப்போய்க் கீழே குதித்து ஓடி வந்தார்.

"கியா ஹுவா? கோயி நீச்சே ஆயா கியா?"

அடியில் யாராவது விழுந்துவிட்டார்களா என்று கேட்கிறார். அவர் ஊரில் வண்டியைத் தட்டினால் நிறுத்து என்று அர்த்தமாம். ஃபோர்மேன் வந்து, இங்கே கொடி மட்டும்தான், எந்த வண்டியிலும் கை வைக்கக் கூடாது என்று சத்தம் போட்டுவிட்டுப் போனார். சரி என்று தலையாட்டினேன். அதை அத்தோடு மறந்தும் போனேன்.

டிரைவிங் ஸ்கூலில் எனக்கு வந்த ஆசிரியர் பாகிஸ்தானில் பெஷாவர் பக்கத்துப் பட்டாணியர். எல்லோரும் உஸ்தாத் என்று கூப்பிட்டார்கள், நானும் கூப்பிட்டேன். அவருக்கு வயது முப்பதுக்கு மேல் இருக்காது. என் தம்பியைவிடச் சின்னவர் திட்டும்போது தலையைக் குனிந்துகொண்டு கேட்பது முதல் ஒரு வாரம் கஷ்டமாக இருந்தது. பிறகு பழகிவிட்டது. ஸ்டியரிங் இடது பக்கம், வண்டி போவது வலது பக்கம், கதவும் வலது பக்கம். கையும் காலும் அதற்கும் பழகிவிட்டன. ஹாரன்தான் பெரிய பாடு. அங்கே ஹாரன் அடித்தால் எதிராளியைக் கெட்ட வார்த்தை சொன்ன மாதிரி. என் வலது கை சும்மா இருக்க முடியாமல் தவித்தது.

முதல் டெஸ்ட், நடுவில் வட்டத் திட்டு வைத்த ரவுண்டபோட்டில் போயிற்று. உள்ளே சுற்றிக்கொண்டிருக்கும் வண்டிக்கு வழி விடாமல் நுழைந்துவிட்டேன். அது பாதிப் பேருக்கு நடப்பதுதான் என்றார் உஸ்தாத். நானும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

இரண்டாவது டெஸ்டில் நடந்ததுதான் எனக்குப் புரியவே இல்லை.

டெஸ்ட் எடுக்கும் அதிகாரி முன்சீட்டில் என் பக்கத்தில். டெஸ்டுக்கு வந்த மற்றவர்கள் பின்னால். ஒருவர் மாற்றி ஒருவர் கொஞ்ச தூரம் ஓட்ட வேண்டும். என் முறை வந்தது. ரவுண்டபோட்டை ஒழுங்காகக் கடந்தேன். பஸ் ஸ்டாப்பில் நிறுத்தச் சொன்னார், கோட்டுக்குள் அழகாக நிறுத்தினேன். அவர் கையிலிருந்த பேப்பரில் எதையோ பார்த்துக்கொண்டிருந்தார். திடீரென்று என் கால் பிரேக்கை விட்டது, கை ஸ்டியரிங்கை ஒடித்தது, பஸ் ரோட்டில் ஏறியது. இடது பக்கம் ஒரு பிக்கப் கிறீச்சென்று கத்திக்கொண்டு ஒதுங்கியது. அதிகாரி கையை ஓங்கி டேஷ்போர்டில் அடித்தார்.

"கலாஸ்! பார்க்!" முடிந்தது, ஓரம் கட்டு என்கிறார்.

ஸ்கூலுக்குத் திரும்பி பஸ்ஸை விட்டு இறங்கினேன். உஸ்தாத் கேட்டை ஒட்டி நின்றிருந்தார். என் முகத்தைப் பார்த்ததும் தெரிந்துகொண்டார். ஏன் எடுத்தாய், யார் போகச் சொன்னது என்று கேட்டார்.

"கௌன் போலா ஜாவ்?"

"மாலூம் நஹி உஸ்தாத்" என்றேன். தெரியாதுதான். யாரோ சொன்ன மாதிரித்தான் இருந்தது, யார் என்றுதான் தெரியவில்லை. அதை எப்படி இந்தியில் சொல்வது? தமிழிலேயே எனக்குச் சொல்ல வராது.

அன்று சாயங்காலம் சூப்பர்வைசர் கூப்பிட்டு அனுப்பினார். இந்தத் தடவை முகத்தில் சிரிப்பு இல்லை. "அண்ணா, இனி ஒன்னே ஒன்னு. அதும் போனா என்னால ஒன்னும் செய்ய முடியாது கேட்டோ. மேல எழுதிக் கொடுத்திட்டு உண்டு" என்றார். கும்பிட்டுவிட்டுக் கிளம்பினேன். "போய் ரெஸ்ட் எடு அண்ணா" என்றார்.

வெள்ளிக்கிழமை கேம்புக்கு வெளியே ஒரு கடையிலிருந்து ஊருக்குப் போன் பண்ணினேன். நான் பேசுவதற்கு முன்பே வீட்டுக்காரி ஆரம்பித்துவிட்டாள்.

"ஏங்க, வண்டி குடுத்துட்டாங்களா?"

"கிளாஸ் நடக்குது."

"இன்னுமா கிளாஸு? நம்ம மக பன்னெண்டாவதே முடிச்சிருவா போலருக்கு, ஒங்க கிளாஸ் முடியாது போலருக்கே." சிரித்தாள். பிறகு, "அங்கயும் ஆரனை அமுக்கிக்கிட்டேதான் போறீங்களா?" என்றாள்.

"இங்க அடிக்கக் கூடாது."

"அடிக்கக் கூடாதா? அப்ப ஒங்களுக்கு எப்புடித்தான் பொழுது போவுது?" மறுபடி சிரித்துவிட்டு, கடைசியில் சாதாரணமாகத்தான் அதைச் சொன்னாள். "நம்ம வண்டிக்கு நிரந்தரமாவே ஆளு போட்டுட்டாராம் மொதலாளி. ஒரத்தநாட்டுப் பையனாம். நல்லா ஓட்டுறானாம்."

நல்லது என்றேன். போனை வைத்த பிறகு அந்தக் கடை வாசலிலேயே கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். இங்கே டெஸ்ட் போய்விட்டால் திரும்பிப் போய் உட்கார அங்கே சீட் இல்லை. நாற்பத்து நாலு வயதில், எந்த ஊரிலும் வண்டி இல்லாத டிரைவர். வேறு வேலை எனக்குத் தெரியாது. ஆளோடு பேசும் வேலை எதற்கும் நான் லாயக்கில்லை. கடையிலிருந்து கேம்ப் வரை நடந்தபோது ஒவ்வொரு பஸ்ஸும் என்னைக் கடந்து போவதைப் பார்த்துக்கொண்டே போனேன்.

சாப்பிடும்போது பரமக்குடிக்காரன் விடவில்லை.

"என்னண்ணே, சோத்தப் பெசஞ்சுக்கிட்டே இருக்கீக? என்னதான் ஆச்சு டெஸ்டுல? சரியாச் சொல்லுங்க."

சொன்னேன். ஸ்டாப்பில் நிறுத்தியது, அவர் பேப்பரைப் பார்த்தது, கால் தானாகப் பிரேக்கை விட்டது.

"தானா எப்புடிண்ணே விடும்? பேய் புடிச்ச மாதிரி சொல்றீக. அப்ப என்னமும் சத்தம் கேட்டுச்சா?"

யோசித்தேன். பின்னால் ஒரு நேபாளி உட்கார்ந்திருந்தார். நான் டிரைவர் சீட்டை விட்டு எழுந்தபோது அவர் குனிந்து ஷூ கயிற்றைக் கட்டிக்கொண்டிருந்தார். அதற்கு முன்னால்... ஷூவுக்குள் போன மணலை உதறினார் போலிருக்கிறது. சீட் கம்பியில் ஷூவைத் தட்டினார். டக், டக்.

பரமக்குடிக்காரன் தட்டைக் கீழே வைத்துவிட்டான்.

"ரெண்டு தட்டு விழுந்துச்சா?"

"ஆமா."

"கிளம்பிட்டீக!" அவன் கட்டிலில் புரண்டு புரண்டு சிரித்தான். அறையில் இருந்த மற்றவர்களையும் கூப்பிட்டான். "ஏப்பா, இங்கிட்டு வாங்கப்பா! ஒரு நேபாளி ஷூவைத் தட்டுனதுக்கு அண்ணன் பஸ்ஸ எடுத்துட்டாரு! யாரு தட்டுனாலும் போயிருவீகளாண்ணே? மரங்கொத்தி தட்டுனாலும்?"

எனக்கும் சிரிப்பு வந்தது. ஆனால் அது ரொம்ப நேரம் நிற்கவில்லை. காரணம் தெரியாத வரை அது ஒரு விபத்து என்று நினைத்துக்கொண்டிருந்தேன். இப்போது அது என் உடம்பில் இருக்கிறது என்று தெரிந்துவிட்டது. டெஸ்டில் பின்னால் யார் எதைத் தட்டுவார்கள் என்று நான் என்ன கண்டேன்? தூக்கத்தில் தட்டினால்கூட நான் கிளம்பிவிடுவேன்.

அடுத்த நாளிலிருந்து அறையில் அதுவே விளையாட்டாகிவிட்டது. நான் குளிக்க வரிசையில் நின்றால் பின்னாலிருந்து எவனாவது வாளியில் ரெண்டு தட்டு தட்டி, "ரைட், போலாம்ணே" என்பான். நான் ஒரு அடி எடுத்து வைப்பேன். எடுத்து வைத்த பிறகுதான் தெரியும். அவர்கள் சிரிப்பார்கள். எடுத்து வைத்த அடியைப் பின்னால் எடுப்பேன்.

"உஸ்தாத்கிட்ட சொல்லிருங்கண்ணே" என்றான் பரமக்குடிக்காரன். "டாக்டர்கிட்ட நோவை மறைக்கக் கூடாது. ஏக் மாரா தோ ருக்கோ, தோ மாரா தோ ஜாவ். ஒரு தட்டுன்னா நில்லு, ரெண்டுன்னா போ. இம்புட்டுத்தான். எங்க, சொல்லுங்க பாப்போம்." லாரியில் கற்ற இந்தி அவனுடையது. என்னைப் பலமுறை சொல்லவைத்தான். ஊருக்குத் திருப்பி அனுப்புவதற்கு இதுவே ஒரு சாக்காகிவிடுமோ என்று பயந்து ரெண்டு கிளாஸ் சொல்லாமலே கழித்தேன். மூன்றாவது கிளாசில் சொன்னேன். வார்த்தை பாதியில் மறந்துபோய், பஸ்ஸின் பக்கவாட்டில் தட்டிக் காட்டினேன். ஒரு தட்டு, கையை நிறுத்திக் காட்டினேன். ரெண்டு தட்டு, கையை முன்னால் வீசிக் காட்டினேன்.

உஸ்தாத் முதலில் சிரித்தார். பிறகு தாடியைத் தடவிக்கொண்டு என்னையே பார்த்தார். அவர் சொன்னதை என் அரைகுறை இந்தியில் இப்படிப் புரிந்துகொண்டேன். "உன் ஊரில் உனக்குப் பின்னால் ஆள் இருக்கிறான். இங்கே உனக்குப் பின்னால் அறுபது பேர் இருப்பார்கள், அறுபது பேரும் தூங்கிக்கொண்டிருப்பார்கள். விடியற்காலையில் ஏற்றுகிறாய், சாயங்காலம் அலுத்துச் செத்துப்போய் வருகிறார்கள். ஒருவனும் கண் திறக்க மாட்டான். உனக்கு யார் சொல்லுவார்?"

அதைக் கேட்டபோதுதான் எனக்கு டெஸ்ட் பயம் போய் வேறு பயம் வந்தது. லைசென்ஸ் கிடைக்காவிட்டால் என்ன ஆகும் என்றே நினைத்துக்கொண்டிருந்தவன், கிடைத்துவிட்டால் என்ன ஆகும் என்று அன்றைக்கு முதல்முறையாக நினைத்தேன்.

அவர் ஒரு வழி சொன்னார். பஸ்ஸை நகர்த்துவதற்கு முன் ஒவ்வொரு தடவையும் நானே வாய்விட்டுச் சொல்ல வேண்டும். லெப்ட் மிரர் கிளியர். ரைட் மிரர் கிளியர். டோர் கிளியர். மூன்றையும் பார்த்து, மூன்றையும் சொன்ன பிறகுதான் கால் பிரேக்கை விடலாம். பின்னால் உட்கார்ந்திருக்கும் மற்ற மாணவர்களிடம், இவன் ஓட்டும்போது எங்கே வேண்டுமானாலும் தட்டுங்கள், விசில் அடியுங்கள் என்று சொல்லிவிட்டார். அவர்களுக்குக் கொண்டாட்டம். ஒரு மலையாளிப் பையன் சீட்டில் தாளமே போட்டான்.

தட்டுக்குக் கிளம்பாமல் இருப்பதுகூட எனக்குச் சீக்கிரம் வந்துவிட்டது. வாய்விட்டுச் சொல்வதுதான் வரவில்லை. பஸ் நிறைய ஆளை வைத்துக்கொண்டு, எனக்கு நானே சத்தமாகப் பேசுவது எப்படி? உதட்டை மட்டும் அசைத்தேன்.

"ஜோர் ஸே!" என்பார் உஸ்தாத். உரக்கச் சொல்.

"லெப்ட் மிரர்..."

"நஹி சுனா. ஜோர் ஸே!" காதில் விழவில்லை என்று கையைக் காதருகே வைத்துக்கொள்வார். நான் சொல்லும் வரை பஸ்ஸை எடுக்க விடமாட்டார். பின்னால் ஹாரன் அடிப்பார்கள். அந்த ஊரில் ஹாரன் அடிக்கிறார்கள் என்றால் எவ்வளவு நேரம் நின்றிருப்போம் என்று பார்த்துக்கொள்ளுங்கள். கடைசியில் கத்துவேன். தொண்டை புதிதாக இருக்கும், வேறு யாரோ பேசுவது மாதிரி இருக்கும்.

சைட்டில் கொடி பிடித்தபடி அதையே சொல்லிப் பார்த்தேன். கழிவறையில் சொல்லிப் பார்த்தேன். ராத்திரிச் சோறு வாங்கப் போகும்போது அறைக் கதவைத் திறக்கும் முன் லெப்ட், ரைட் பார்த்திருக்கிறேன். பரமக்குடிக்காரன், "அண்ணே, டோர் கிளியரா? சாம்பார் தீந்துருச்சாம், சீக்கிரம் கிளியர் பண்ணுங்க" என்பான்.

மூன்றாவது டெஸ்ட் குளிர்காலத்தில் வந்தது. அன்று காலை வானம் மூடி மங்கலாக இருந்தது. அதே மாதிரி பஸ், வேறு அதிகாரி. கறுப்புக் கண்ணாடி போட்டிருந்தார். வாயைத் திறக்கவே இல்லை, கையால்தான் ஜாடை காட்டினார். எனக்கு முன்னால் ஒரு வங்காளி ஓட்டினார். பயந்து பயந்து, வழி இருந்தும் ரவுண்டபோட்டில் நுழையாமல் நின்றுகொண்டே இருந்தார். அதிகாரி அவரை ஓரம் கட்டச் சொல்லிப் பின்சீட்டுக்கு அனுப்பிவிட்டார். அவசரப்பட்டாலும் போச்சு, நின்றாலும் போச்சு. சீட்டில் உட்கார்ந்தபோது அந்த வங்காளியின் சூடு அதில் இன்னும் இருந்தது.

ரவுண்டபோட்டைக் கடந்தேன். பஸ் ஸ்டாப்பைக் காட்டினார், நிறுத்தினேன். கதவைத் திறந்து மூடச் சொன்னார், மூடினேன். போ என்று கையை ஆட்டினார்.

ரைட் மிரர் பார்த்தேன். லெப்ட் மிரர் பார்த்தேன். ஒரு டாக்சி வந்தது, விட்டேன். பின்னாலேயே ஒரு தண்ணீர் லாரி. விட்டேன். இன்னொரு கார். அதையும் விட்டேன். வங்காளி மாதிரி ரொம்ப நேரம் நிற்கிறேனோ என்று தோன்றியது. அதிகாரி கழுத்தைத் திருப்பி என்னைப் பார்ப்பது ஓரக்கண்ணில் தெரிந்தது. ரோடு காலியானது. வாய் தானாகத் திறந்தது.

"லெப்ட் மிரர் கிளியர். ரைட் மிரர் கிளியர். டோர் கிளியர்."

உஸ்தாத் பழக்கிய அதே சத்தத்தில். பஸ் முழுக்கக் கேட்டிருக்கும். பின்னால் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். பஸ் ரோட்டில் ஏறியது. அதிகாரி கண்ணாடியைக் கழற்றினார்.

"தும் கிஸ்கோ போல்தா?"

யாரிடம் பேசுகிறாய் என்று கேட்கிறார். ரோட்டைப் பார்ப்பதா, அவரைப் பார்ப்பதா என்று தெரியவில்லை. டெஸ்டில் பேசக் கூடாது என்று சட்டம் இருக்கிறதோ? உஸ்தாத் அதை விசாரிக்காமல் விட்டுவிட்டாரோ? பதில் சொல்லாவிட்டால் மரியாதைக் குறைவு. சொன்னால் என்ன சொல்வது?

"மிரர் கோ, சார்" என்றேன். கண்ணாடியிடம்.

அவர் சிரிக்கவில்லை. பேப்பரில் எதையோ எழுதினார். நீளமாக எழுதினார். அடுத்த வளைவில் ஓரம் கட்டச் சொன்னார். நான் ஓட்டிய தூரம் மற்றவர்கள் ஓட்டியதைவிடக் குறைவுதான். போயிற்று என்று முடிவு பண்ணிக்கொண்டேன். மீதி வழியெல்லாம் பின்சீட்டில் ஜன்னலோரம் உட்கார்ந்து, மகளிடம் என்ன சொல்வது, ஒரத்தநாட்டுப் பையனுக்கு லீவு நாளில் மாற்று டிரைவராகவாவது முதலாளி சேர்த்துக்கொள்வாரா என்று யோசித்துக்கொண்டே வந்தேன். அதை அவரிடம் போய்க் கேட்க என் வாய் வருமா என்றும் யோசித்தேன்.

ஸ்கூலுக்குத் திரும்பியதும் பேப்பர்கள் கவுன்டருக்குப் போயின. ஒவ்வொருவராகக் கூப்பிட்டார்கள். சிலர் அடுத்த தேதி வாங்கிக்கொண்டு தலையைக் குனிந்தபடி வெளியே போனார்கள். என் முறை வந்ததும் கவுன்டரில் இருந்த பெண் என் பாஸ்போர்ட் காப்பியைப் பார்த்து, முகத்தைப் பார்த்து, இந்தப் பக்கம் போ என்று ஒரு கதவைக் கை காட்டினார். உள்ளே நாற்காலி, வெள்ளைத் திரை, கேமரா. ஒரு பிலிப்பைன்ஸ்காரர் என்னை உட்காரச் சொன்னார். விசா கேன்சலுக்கும் போட்டோ எடுப்பார்களோ என்று நினைத்தேன்.

"போட்டோ... கியோங்?" என்று கேட்டுவிட்டேன். எதற்கு என்று. வாழ்க்கையில் நானாக ஆரம்பித்துக் கேட்ட கேள்விகள் குறைவு.

"லைசென்ஸ்" என்றார் அவர். "தலையைத் தூக்கு" என்று கையால் காட்டினார். தூக்கினேன்.

வெளியே உஸ்தாத் வேறு ஒருவருக்குக் கிளாஸ் எடுத்துக்கொண்டிருந்தார். உள்ளே கொடுத்த லைசென்ஸ் அட்டையைக் காட்டினேன். பஸ் ஜன்னலிலிருந்து கையை நீட்டி என் தோளில் ஒன்று வைத்தார். "ஜோர் ஸே போலா?" என்றார். உரக்கச் சொன்னாயா? தலையாட்டினேன். அவர் பஸ்ஸை எடுக்கச் சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

கேம்பில் சூப்பர்வைசர் அட்டையை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ஞான் அன்னே பறஞ்சதல்லே?" என்றார். நான் அன்றைக்கே சொன்னேனே என்று. உடனே டூட்டி ஷீட்டை எடுத்து, மறுநாள் காலை துபாய் மரினா சைட்டுக்குப் போகும் பஸ்ஸுக்கு நேராக என் நம்பரை எழுதினார். நான் எதிர்பார்க்கவில்லை. ஒரு நாளாவது பழைய டிரைவரோடு போய்ப் பார்க்கட்டுமா என்று கேட்க நினைத்தேன். அவர் அதற்குள் போனை எடுத்துவிட்டார்.

ஊருக்குச் சொன்னேன். "நெசமாவா? நெசமாவா?" என்றாள் வீட்டுக்காரி. பின்னாலிருந்து மகள் ஏதோ கத்தினாள். அறையில் பரமக்குடிக்காரன் எங்கிருந்தோ ஜிலேபி வாங்கி வந்து எல்லோருக்கும் கொடுத்தான். "நாளைக்கு ஒங்க பஸ்லதாண்ணே நான் வாறேன். முன்சீட்டு எனக்கு. தூங்க மாட்டேன், சத்தியமா" என்றான். ஏறி உட்கார்ந்த அஞ்சாவது நிமிடத்தில் குறட்டை விடுகிற ஆள் அவன்.

என் ஜிலேபியை அவனிடமே கொடுத்துவிட்டேன். இத்தனை மாதமும் வேண்டிக்கொண்டிருந்தது கையில் வந்துவிட்டது, அட்டையில் என் முகம் தலை தூக்கிப் பார்க்கிறது. ஆனாலும் படுத்த பிறகு அறுபது பேர் தலை சாய்ந்து தூங்குவதுதான் கண்ணுக்குள் நின்றது. மேல்கட்டிலில் இப்போது குறட்டை விடுபவனும் அதில் ஒருவன். பெரிய ரோட்டில் லேன் மாற வேண்டும். மரினா திருப்பத்தில் டைவர்ஷன் போட்டிருப்பார்கள். இருட்டில் கேட்டருகே ஆட்கள் குறுக்கே ஓடுவார்கள். போர்வைக்குள் வாயசைத்துச் சொல்லிப் பார்த்தேன். லெப்ட். ரைட். டோர். எங்கே தப்பு வரும் என்று தெரிந்தால் தேவலை என்று இருந்தது. தெரியவில்லை. அலாரம் வைத்தேனா என்று இரண்டு தடவை எழுந்து பார்த்தேன்.

மறுநாள் மழை பெய்தது. சைட்டில் தண்ணீர் நின்றுவிட்டதால் வேலை இல்லை என்று சொல்லிவிட்டார்கள். பஸ் ஷெட்டிலேயே நின்றது. என் முதல் டிரிப் ஒரு நாள் தள்ளிப் போயிற்று.